காந்தள் விதை மூளைக்குப் போன வழி

ஒட்டன்சத்திரம், மூலனூர், அரவக்குறிச்சிப் பக்கம் ஆடி ஆவணியில் கண்வலிக்கிழங்கு நடுவார்கள். நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. இலை நுனியே சுருண்டு பற்றிக்கொள்ளும் கொடி என்பதால் கம்பி இழுத்து விளார் சாய்த்துக் கொடுப்பார்கள். பூ மஞ்சளில் விரிந்து சிவப்பில் முடியும். அதன் சூல்தண்டு ஒடித்துவிட்டதுபோல் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். மகரந்தம் தானாக அங்கே போய்ச் சேர்வது அரிது. எனவே காலை வேளையில் ஆட்கள் வரிசையாகப் போய், ஒவ்வொரு பூவுக்கும் கையாலேயே மகரந்தம் தொட்டுவைப்பார்கள். பூவுக்குப் பூ குனிந்து செய்கிற வேலை. தை மாசி வாக்கில் காய் முற்றி, செம்மஞ்சள் விதை கைக்கு வரும். விலையை ஏற்றுமதிக்கு வாங்குகிறவர்கள்தான் சொல்வார்கள். விவசாயிகளுக்கு அது நெடுநாள் குறை.

கிழங்கு, விதை எல்லாமே விஷம். இலங்கையில் வற்றாளைக்கிழங்கு (சர்க்கரைவள்ளி) என்று நினைத்து இதை அவித்துத் தின்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். முதலில் வாந்தியும் பேதியும். சில நாளில் ரத்த அணுக்கள் சரியும். பிழைத்தவர்களுக்கும் முடி கொட்டும். காரணம் கோல்ச்சிசின். இந்தச் செடியின் ஐரோப்பிய உறவுக்காரச் செடி ஒன்றிலிருந்து 1820இல் பாரிஸில் பெல்லெத்தியே, கவெந்து என்ற இரண்டு மருந்தாளுநர்கள் அதைப் பிரித்தெடுத்தார்கள். கௌட் என்கிற மூட்டுவாதத்துக்கு இன்றும் அது ஒரு மருந்து. நம் விதையும் அந்தக் கோல்ச்சிசினுக்காகத்தான் கப்பலேறுகிறது.

அந்த மருந்துக்குள் இன்னொரு குணம் இருந்தது. பிரிந்துகொண்டிருக்கும் செல்லை அது பாதியில் நிறுத்திவிடும். மனிதனுக்குக் குரோமோசோம் 48 என்று உலகமே நம்பியிருந்த காலத்தில், ஜோ ஹின் ட்ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் செல்களைக் கோல்ச்சிசினால் நிறுத்திவைத்து எண்ணி, 46 என்று 1956இல் வெளியிட்டார்கள். நிறுத்துவது தெரிந்தது, எதைப் பிடித்து நிறுத்துகிறது என்பது தெரியவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் எட்வின் டெய்லரும் அவருடைய மாணவர் கேரி போரிசியும் கோல்ச்சிசினில் கதிரியக்க அடையாளம் ஏற்றி, எந்தத் திசு அதை அதிகம் பிடித்துக்கொள்கிறது என்று தேடினார்கள். வேகமாகப் பிரியும் செல்களில்தானே நிறைய இருக்க வேண்டும்? 1967இல் வந்த விடை நேர்மாறாக இருந்தது. மிக அதிகமாகப் பிடித்துக்கொண்ட திசுக்களில் ஒன்று மூளை. வளர்ந்தபின் அநேகமாகப் பிரியவே பிரியாத செல்கள் நிறைந்த மூளை! எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் இதுதான். அடுத்த ஆண்டே பன்றி மூளையிலிருந்து அந்தப் புரதத்தைச் சுத்தமாகப் பிரித்தார்கள். டியூபுலின் என்று பெயர் வந்தது.

டியூபுலின்கள் கோத்து நின்றால் 25 நானோமீட்டர் பருமனுள்ள நுண்குழாய். பிரியாத செல்லுக்கு அது எதற்கு? கார் ஆலைகள் சூழ்ந்த ஒரகடம் கூட்ரோட்டில், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள் கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் விடை கிடைக்கும். உதிரிபாகம் ஒரு ஊரில், பூட்டுவது இன்னொரு ஊரில். கார் கம்பெனிகள் நாள்கணக்கில் சரக்குத் தேக்கிவைப்பதும் இல்லை. லாரி நின்றால் லைன் நிற்கும். நரம்பு செல்லின் பிழைப்பும் அப்படித்தான். புரதங்களில் பெரும்பகுதி உருவாவது செல் உடலில். தேவைப்படும் நுனியோ, தண்டுவடத்திலிருந்து பாதத்துக்குப் போகும் நரம்பில், ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி. அந்தத் தூரம் நெடுக நுண்குழாய்கள். அவற்றின்மேல் கைனெசின் என்ற புரதம் சரக்கைச் சுமந்து, அடிக்கு எட்டு நானோமீட்டராக நடக்கிறது. வேகச் சரக்கு நாளுக்கு 40 சென்டிமீட்டர்வரை போய்விடும். ஒரே வித்தியாசம், நம் நெடுஞ்சாலை போட்டால் போட்டபடி கிடக்கும். இந்தப் பாதை முனைகளில் உதிர்ந்துகொண்டும் வளர்ந்துகொண்டும் இருக்கும். கோல்ச்சிசின் டியூபுலினின் இரு பாதிகளுக்கும் நடுவே புகுந்து, அது நிமிர்ந்து வரிசையில் சேரவிடாமல் செய்துவிடுகிறது.

இந்தியாவிலும் இந்த வேலை நடந்தது. டியூபுலினோடு ஒட்டும்போது கோல்ச்சிசின் ஒளிர்கிறது என்று 1974இல் பபதாரக் பட்டாச்சார்யா, அமெரிக்காவில் யான் வோல்ஃபுடன் சேர்ந்து கண்டார். பிறகு கல்கத்தா போஸ் நிறுவனத்தில் தொடர்ந்தார். ஐஐடி பம்பாயில் துலால் பாண்டாவின் ஆய்வகம் டியூபுலின் எடுத்தது ஆட்டு மூளையிலிருந்து.  அந்த மூளை ஐஸிலேயே இருக்க வேண்டும். குளிரில் அரைத்துச் சுழற்றி, தெளிந்த நீரை 37 டிகிரிக்குக் கொண்டுவந்தால் கண்ணுக்குத் தெரியாத குழாய்கள் தாமாகக் கோத்துக்கொள்ளும். திரும்பக் குளிர வைத்தால் கரையும்.

கரைத்தும் கோத்தும் பார்த்தபோதுதான் கூடவே ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு புரதம் தட்டுப்பட்டது. பிரின்ஸ்டனில் மார்க் கிர்ஷ்னர் குழு 1975இல் அதற்கு டௌ என்று பெயரிட்டது. மறதிநோய்க்குத் தன் பெயர் வந்த மருத்துவர் அல்சைமர் 1906இல் தன் நோயாளியின் மூளைச் செல்களுக்குள் வெள்ளிச் சாயமேற்றிக் காட்டிய நார்ச் சிக்கலுக்கு அப்போது எழுபது வயது ஆகப்போகிறது. அது எதனால் ஆனது என்று ஒருவருக்கும் தெரியாது. எண்பதுகளின் நடுவில் தெரிந்தது: அதே டௌ. அளவுக்குமீறி பாஸ்பேட் ஏறி, குழாயைவிட்டு விலகி, தன்னோடு தானே முறுக்கிக்கொண்டது. நோயில்லாதவர்களுக்கும் முதுமையில் நினைவுக்கான பகுதியில் இச்சிக்கல் கொஞ்சமாவது இருக்கும். அல்சைமர் நோயில் அது அங்கிருந்து பரவுகிறது.

டௌ விலகியதால் பாதை சரிந்தது, பாதை சரிந்ததால் நரம்பு செத்தது என்று பாடப்புத்தகம் நேர்க்கோடாகச் சொல்லும். நான் அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். டௌ குழாயைக் கெட்டிப்படுத்தவில்லை, அதன் நெகிழ்ந்த பகுதியைத்தான் நீளமாக வைத்திருக்கிறது என்று 2018இல் பீட்டர் பாஸ் குழு எழுதியது. குழாயைக் கெட்டிப்படுத்தும் மருந்துகளும் முதியவர்களிடம் இதுவரை கைகொடுக்கவில்லை.

மாத்திரையாக விழுங்கும் கோல்ச்சிசின் மூளைக்குள் அதிகம் போகாது. ரத்தநாளச் சுவரே அதை வெளியே தள்ளிவிடும். ஆகவே ஆய்வகத்தில் எலியின் மூளைக்குள் நேராக ஊசிபோட்டு, அதன் நினைவைக் கெடுத்து, பிறகு மருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள். சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தார் 2009இல் அப்படிக் கொடுத்தது வல்லாரைச் சாறு. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் துவையலாக அரைத்துக் கொடுக்கிறோமே, அதே வல்லாரைதான். எலிகளுக்கு நினைவு ஓரளவு தேறியது. நம்மூர் மருந்துக்கடை விளம்பரத்துக்கு அது போதும். ஆனால் ஒரே ஊசியில் பாதை கரைந்த எலியும், பல வருடமாக டௌ முறுக்கிக்கொண்டு வந்த எழுபது வயதுக்காரரும் ஒரே நோயாளி அல்ல.