நிறைகோலும் மனித உடலும்: மர்விலிருந்து இராயபுரம் வரை

வடசென்னையின் இராயபுரத்தில் மேற்கு மாதா சர்ச் சாலை என்றொரு தெரு உண்டு. அத்தெருவில் மருத்துவ நிலையங்கள் இரண்டு அமைந்துள்ளன. ஒன்று, நடுவணரசின் யூனானி மருத்துவ வட்டார ஆராய்ச்சி நிலையம். மற்றொன்று, பேராசிரியர் எம். விசுவநாதன் 1954ஆம் ஆண்டில் நிறுவிய நீரிழிவு மருத்துவமனை. முன்னதன் மூலநூல்கள் அரபு மொழியில் உள்ளன. பின்னதன் ஆய்வேடுகள் ஆங்கிலத்தில் உள்ளன. எனினும், நோயாளியின் உடலைக் காணும்போது இரு மரபுகளும் எழுப்பும் வினா ஒன்றுண்டு: இவ்வுடலில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு? இவ்வினாவின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

தசையும் கொழுப்பும்

மருத்துவ மேதை இப்னு ஸீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ என்னும் பெருநூலில் மனிதரின் மிஸாஜ், அதாவது உடற்பாங்கினை அறிவதற்குரிய அடையாளங்களைப் பத்து வகையாகப் பகுத்துரைத்தார். தொட்டறியும் வெப்பத்துக்கு அடுத்த இடத்தில் அவர் வைத்தது ‘லஹ்ம்’ எனும் தசையையும் ‘ஷஹ்ம்’ எனும் கொழுப்பையும் ஆகும். செந்தசை மிகுதல் வெப்பத்தின் அடையாளம். கொழுப்பு மிகுதல் குளிர்ச்சியின் அடையாளம் என்பது அம்மரபின் கொள்கை. இக்கொள்கையை இன்றைய அறிவியல் அப்படியே ஏற்பதில்லை. ஆயினும், ‘பருமன்’ என்னும் ஒரே சொல்லால் இரு வேறு பொருள்களைக் குழப்பிவிடலாகாது என்ற தெளிவு அதனுள் அடங்கியிருப்பது நோக்கத்தக்கது.

அவ்விரண்டையும் பிரித்தறியலாம், ஆனால் அளப்பது எங்ஙனம்? அதற்கான வழி மருத்துவர்களிடமிருந்து வரவில்லை. பொன்னையும் மணியையும் சோதித்த அறிஞர்களிடமிருந்து வந்தது. அல்பிரூனி (973–1048) கூம்பு வடிவக் கலமொன்றை அமைத்து, அதனுள் இடும் பொருள் வெளியேற்றும் நீரை நிறுத்து, உலோகங்கள், மணிக்கற்கள் ஆகியவற்றின் ஒப்படர்த்தியைக் கணித்தார். அவருக்குப் பின் மர்வு நகரில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அல்காஸினீ, ஹிஜ்ரி 515இல் (கி.பி. 1121–22) ‘மீஸானுல் ஹிக்மா’ என்னும் நூலை இயற்றி ஸல்ஜூக் சுல்தான் ஸன்ஜருக்கு அளித்தார். ஐந்து தட்டுகள் கொண்ட நிறைகோல் ஒன்றை அதில் அவர் விளக்குகிறார். பொன்னில் வெள்ளி கலந்திருப்பின், அப்பொருளைக் காற்றில் ஒருமுறையும் நீரில் ஒருமுறையும் நிறுத்து, உருக்காமலும் உடைக்காமலும் கலப்பின் அளவைக் கூறிவிடலாம். ஆர்க்கிமிடீஸ் தொடங்கிவைத்த கலை இவர்கள் கையில் நுண்மை பெற்றது.

நீரில் நிறுத்த மனிதர்

ஏறத்தாழ 820 ஆண்டுகளுக்குப் பின் இதே கணக்கு மனித உடலுக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஆல்பர்ட் பென்கே, 1942இல் வெளியிட்ட ஆய்வில், கால்பந்தாட்டத்தைத் தொழிலாகக் கொண்ட அமெரிக்க வீரர் 25 பேரை நீருக்கடியில் நிறுத்துப் பார்த்தார். உயரத்துக்கேற்ற எடை அட்டவணையின்படி அவர்களுள் 17 பேர் மிகைஎடையினர், படைப்பணிக்குத் தகுதியற்றவர். நீரில் நிறுத்தபோதோ அவர்களின் மிகைஎடை தசையே என்று தெரியவந்தது.

இதன் அடிப்படை எளியது. கொழுப்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.90 கிராம், கொழுப்பு நீங்கிய உடற்பகுதியின் அடர்த்தி ஏறத்தாழ 1.10 கிராம். பொன்னும் வெள்ளியும் போல் இவை இரு கூறுகள். காற்றில் 60 கிலோ எடையுள்ள ஒருவர், நுரையீரலில் எஞ்சிய காற்றுக்குரிய திருத்தத்துக்குப் பின் நீரில் 3 கிலோ நிற்கிறார் எனக் கொள்வோம். அவரது கன அளவு ஏறத்தாழ 57 லிட்டர், அடர்த்தி 1.053. வில்லியம் சிரி 1961இல் தந்த வாய்பாட்டின்படி, 495ஐ அடர்த்தியால் வகுத்து 450ஐக் கழித்தால் கொழுப்பு விழுக்காடு கிடைக்கும். அது இவருக்கு 20 விழுக்காடு அளவாகும்.

எல்லாரையும் நீர்த்தொட்டியில் இறக்கி நிறுத்தல் இயலாது. ஆகவே எளிய வழிகள் நாடப்பட்டன. பெல்ஜியத்து அறிஞர் கெத்தலே 1830களில் கண்ட விகிதமொன்றை, 1972இல் ஆன்செல் கீஸ் ‘உடல் நிறை எண்’ எனப் பெயரிட்டுப் பரப்பினார். கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் அவ்வெண் கிடைக்கும். 25க்கு மேல் மிகைஎடை, 30க்கு மேல் உடற்பருமன் என்பது உலகளாவிய வரையறை ஆயிற்று. ஆனால் இவ்வெண்ணுக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றே. பென்கே களைய முற்பட்ட குழப்பம் மீண்டும் உள்ளே புகுந்தது.

இராயபுரம் தந்த அளவுகோல்

இக்குழப்பத்தால் பெரிதும் பாதிக்கப்பட்டோர் நம் நாட்டு மக்களே. பேராசிரியர் விசுவநாதன் 1948இலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியவர். 2000ஆம் ஆண்டில் ஆறு பெருநகரங்களில் நிகழ்ந்த ஆய்வு, சென்னையில் வயதுவந்தோருள் 13.5 விழுக்காட்டினர் நீரிழிவுடையோர் எனக் காட்டிற்று. அவ்வளவு பருமனில்லாத மக்களிடையே அவ்வளவு நோய் எப்படி?

இராயபுரம் நீரிழிவு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த சி. ஸ்நேகலதா, விஜய் விசுவநாதன், ஏ. ராமச்சந்திரன் ஆகியோர் 10,025 பேரின் அளவுகளை ஆராய்ந்து 2003இல் விடை தந்தனர். இந்தியருக்கு உடல் நிறை எண்ணின் பாதுகாப்பான எல்லை 25 அன்று, 23. இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆடவருக்கு 85 சென்டிமீட்டர், மகளிருக்கு 80 சென்டிமீட்டர் என்பது அவர்தம் முடிபு. 165 சென்டிமீட்டர் உயரமும் 65 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு அவ்வெண் 23.9. உலக அட்டவணை அவரை நலமுடையவர் என்று அனுப்பிவிடும். இராயபுரத்து அளவுகோல் அவரை நிறுத்தி எச்சரிக்கும். 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழுவும் ஆசிய மக்களுக்கு 23ஐ எச்சரிக்கை எல்லையாகக் குறித்தது. ஆடவர் இடுப்பளவுக்குப் பின்னர் 90 சென்டிமீட்டர் என்பது நாட்டளவில் ஏற்கப்பட்டது.

காரணத்தைப் புனே நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் விளக்கினார். அவருக்கும் இங்கிலாந்தின் ஜான் யுட்கினுக்கும் உடல் நிறை எண் ஒன்றே: 22.3. எக்ஸ்ரே வழி அளந்தபோது யுட்கினின் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் கொழுப்பு 21.2 விழுக்காடு. இருவர் படமும் 2004இல் ‘லான்செட்’ ஏட்டில் வெளிவந்தது. பிறக்கும்போதே புனே வட்டாரக் குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்டன் குழந்தைகள் 3.5 கிலோ, ஆயினும் எடை குறைந்த அளவுக்குப் புனே குழந்தைகளிடம் தோலடிக் கொழுப்பு குறையவில்லை. தாய்மாரின் ஊட்டக்குறைவு தசையைக் குறைத்தது, கொழுப்பைக் குறைக்கவில்லை.

உடற்பயிற்சி பற்றியும் இராயபுரம் ஒரு பாடம் தந்தது. நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரிடையே ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. மூன்றாண்டில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவருள் 55 விழுக்காட்டினர் நோயாளராயினர். உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் மேற்கொண்டவருள் 39.3 விழுக்காட்டினரே ஆயினர். இதில் வியப்பு யாதெனில், பயன் பெற்றவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. எடைப்பொறியை மட்டும் பார்த்து ‘நடந்து பயனில்லை’ என்று கைவிட்டிருந்தால் அந்த நன்மையை அவர்கள் இழந்திருப்பர்.

இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் ஏறி நின்றவுடன் கொழுப்பு விழுக்காடு கூறும் பொறிகள் உள்ளன. அவை கொழுப்பை நேரே அளப்பவை அல்ல. சிறு மின்னோட்டத்தை உடலில் செலுத்தி, நீரின் அளவை ஊகித்து, அதிலிருந்து கொழுப்பைக் கணிப்பவை. வியர்த்து நீர் வற்றிய நிலையில் ஓர் எண், நீர் அருந்தியபின் வேறோர் எண் வரலாம். பிற நாட்டு மக்களைக் கொண்டு வகுத்த வாய்பாடு நம் உடலுக்குப் பொருந்தாமலும் போகலாம். அல்காஸினீயும் நீரின் இயல்பும் வெப்பமும் மாறினால் நிறை மாறும் என்று தம் நூலில் எச்சரித்தவரே.

2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, உடல் நிறை எண் வழி பருமனுடையோர் 28.6 விழுக்காடு, வயிற்றுப் பருமனுடையோர் 39.5 விழுக்காடு. இடைப்பட்டோரை எடைப்பொறி காட்டிக் கொடுக்காது. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் இராயபுரத்திலும் மெலிந்த கைகால்களோடு வயிறு மட்டும் முன்தள்ளிய உழைப்பாளரைக் காண்கிறோம். ‘ஒல்லியான உடம்புக்குச் சர்க்கரை வராது’ என்னும் நம்பிக்கையால் பரிசோதிக்காமலே ஆண்டுகளைக் கழித்து, காலில் ஆறாப் புண்ணோடு மருத்துவமனை செல்வோர் பலர். வீட்டை விட்டு அதிகம் வெளியே செல்லாத நம் பெண்களின் நிலையும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

தையற்காரரின் அளவுநாடா நம் ஒவ்வோர் இல்லத்திலும் உண்டு. மூச்சை இயல்பாக வெளிவிட்டு, விலாவெலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே அதைச் சுற்றி அளந்தால் போதும். அளவு எல்லையைத் தாண்டியிருப்பின், எடை எதுவாயினும், குருதியில் சர்க்கரையைச் சோதித்துக் கொள்வது கடமையாகும். பொன்னில் கலப்பறிய இத்துணை முயன்ற முன்னோரின் வழிவந்த நாம், நம் உடலின் கலப்பை அறிவதில் அசட்டையாக இருத்தல் தகாது.