வாவிக்கரையும் சட்டக்கோவையும்



மட்டக்களப்பு வாவியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மீன்பாடும் ஓசையையும், கல்லடிப் பாலத்து நிலவையும், எழுவான்கரை படுவான்கரை எனும் இருகரை வாழ்வையும் எடுத்துரைப்பர். அவை இனிய பொருள்கள். இன்று யான் பேச முன்வந்த பொருளோ அத்துணை இனிதன்று. ஆணை விரும்பும் ஆண், பெண்ணை விரும்பும் பெண் ஆகியோரை நம் சமூகமும் பொலிசாரும் எவ்வாறு நடத்தி வந்துள்ளனர் என்பதே அது. வானொலியில் இதைப் பேசலாமா என்று சில நேயர்கள் முகம் சுளிக்கக்கூடும். நம் அயலில் நீதிமன்றம்வரை சென்றுவிட்ட ஒரு செய்தியை வானொலி மட்டும் அறியாததுபோல் இருப்பது எங்ஙனம்?

2022 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், வாவியின் தென்முனைக்கும் அப்பால் உள்ள அக்கரைப்பற்றில் அந்நிகழ்ச்சி நடந்தது. அவ்வூர்ப் பெண் ஒருவரும் தமிழ்நாட்டிலிருந்து அவரை நாடி வந்த பெண் ஒருவரும் சேர்ந்து வாழ விரும்பினர். குடும்பத்தார் முறையிட, பொலிசார் இருவரையும் நீதவான் முன் நிறுத்தினர். அவர்களுடைய மனநிலையை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்று மன்று கட்டளையிட்டது. இருவரும் வயது வந்தவர்கள். எவர் பொருளையும் கவர்ந்தவர்கள் அல்லர். ஒருபாற் காதலை நோய்களின் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் 1990 ஆம் ஆண்டிலேயே நீக்கிவிட்டது. முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றும் அச்செய்தி நம் கரையை எட்டவில்லை போலும்!

பொலிசாருக்கு இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? விடை 1883 ஆம் ஆண்டில் இருக்கிறது. இலங்கைக்கென ஆங்கில ஆட்சியினர் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவை, 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றியது. இந்தியாவில் 377 ஆம் பிரிவு எனப்பட்டது இங்கே 365 ஆம் பிரிவாயிற்று. "இயற்கை ஒழுங்குக்கு மாறான" சேர்க்கைக்குப் பத்து ஆண்டுவரை சிறை என்றது அது. 365அ எனும் பிரிவோ, 1885 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வந்த சட்டத்தின் சாயலில், ஆண்களிடையே நிகழும் "பாரதூரமான இழிசெயல்" என்பதற்கு ஈராண்டுச் சிறை விதித்தது. எது இழிசெயல் என்று சட்டம் விளக்கவில்லை. விளக்கம் கூறும் பொறுப்பு முதலில் பொலிஸ் நிலையத்துக்கே போய்ச் சேர்ந்தது.

ஒன்றை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். இச்சட்டம் நம் மரபிலிருந்து முளைத்ததன்று. ஆண்மை திரிந்தோரையும் உயர்திணையுள் வைத்தே தொல்காப்பியம் இலக்கணம் கூறிற்று. மாதவி ஆடிய பதினோராடலுள் பேடும் ஒன்று. கண்ணகையம்மனைக் கொண்டாடும் நம் ஊரவர்க்கு அக்கதை புதிதன்று. வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் பெண் பாத்திரங்களை ஆண்களே ஏற்று ஆட, ஊரே விடியும்வரை இருந்து பார்த்தது. களரியில் வேடம் புனைவதும் காதலும் ஒன்றல்ல என்பதை அறிவேன். இவற்றைக் கொண்டு, பண்டைத் தமிழர் இக்காதலை ஏற்றுப் போற்றினர் என்று கூறுவதற்கும் யான் துணியேன். ஆயினும் பத்தாண்டுச் சிறை என்ற கணக்கு அங்கே இல்லை.

அப்படியாயின் பழியெல்லாம் ஆங்கிலேயனுக்கா? அன்று. நம் வீடுகளையும் பார்த்தல் வேண்டும். மட்டக்களப்புப் பகுதியில் குடி தாய்வழியே வருவது; வீடும் வளவும் மகளுக்கே; மணமகன் பெண்வீட்டில் வந்து வாழ்வான். தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இருசாராரிடமும் காணப்படும் இவ்வழக்கத்தை அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றிலேயே 1969 ஆம் ஆண்டு முதல் தங்கி ஆராய்ந்தார். மகளுக்கு வீடுகட்டத் தந்தை உழைக்கிறான். தமக்கையும் தங்கையும் கரையேறும்வரை தமையன் தன் மணத்தைத் தள்ளிவைக்கிறான். இத்தகைய இடத்தில் ஒருத்தி மணம் வேண்டேன் என்றால், அது அவள் மனத்தைப் பற்றிய செய்தியாக மட்டும் நிற்பதில்லை. கட்டிய வீட்டின் பொருளே ஆட்டம் காண்கிறது. பெற்றோர் பொலிஸ் நிலையத்துக்கு ஓடுவதன் பின்னே வெறுப்பு மட்டுமல்ல, இந்தத் திகைப்பும் உண்டு. ஆனால் திகைத்து வந்த தந்தைக்கு ஆறுதல் கூறி அனுப்ப வேண்டிய இடம், அவர் மகளையே குற்றவாளியாக்கும் இடமாக மாறிவிடுகிறது.

இதில் ஒரு விந்தையும் உண்டு. பழைய 365அ பிரிவு ஆண்களை மட்டுமே சுட்டியது. 1995 ஆம் ஆண்டு சட்டத்தைத் திருத்தியபோது, "ஆண்" என்ற சொல்லை எடுத்து "ஆள்" என்று பொதுவாக்கினர். ஆங்கிலேயர் விட்டுவைத்த பெண்களை, சுதந்திர நாட்டின் பாராளுமன்றம் குற்றவாளிகளாக்கியது. சமத்துவம் இவ்வாறும் வரும்!

வழக்குகள் சிலவே, ஆனால் சட்டத்தின் பயன் வழக்கில் மட்டும் இல்லை. 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும், ஆள்மாறாட்டத்தைக் குறிக்கும் 399 ஆம் பிரிவும், வீதியில் செல்லும் திருநங்கையரை நிறுத்தி விசாரிக்கப் பொலிசாருக்குக் கைகொடுத்தன. கைதானோரை அவமானமான உடற்பரிசோதனைக்கு உட்படுத்தியதை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2020 ஆம் ஆண்டு வெளிப்படுத்தியது. வழக்குத் தொடராமலே, "வீட்டாருக்குச் சொல்லிவிடுவோம்" என்ற ஒரு சொல்லே போதும். ஒவ்வொருவரும் ஒவ்வொருவரை அறிந்திருக்கும் சிற்றூரில், அச்சொல்லுக்கு அஞ்சாதார் யார்?

அக்கரைப்பற்றுக்கு வந்த அப்பெண் புறப்பட்ட தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 2018 செப்டெம்பர் 6 ஆந் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், வயது வந்தோர் இருவர் உடன்பட்டு நடத்தும் வாழ்வை 377 ஆம் பிரிவிலிருந்து விடுவித்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரு பெண்களைக் காணவில்லை என்று பெற்றோர் முறையிட்டபோது, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தாமே மனநல ஆலோசகரிடம் சென்று இதைப் பற்றிக் கற்றுக்கொண்டார். பிறகு 2021 ஜூன் மாதம் பொலிசார் இத்தகையோரைத் துன்புறுத்தலாகாது என்று ஆணையிட்டார். அடுத்த ஆண்டில் தமிழ்நாட்டுப் பொலிசாரின் நடத்தை விதிகளிலேயே அது சேர்க்கப்பட்டது. இரு கரைகளிலும் முறையிட்டவர்கள் பெற்றோரே. மனநல நிபுணரை நாடியதும் இரு கரைகளிலும் உண்டு. அங்கே சென்றவர் நீதிபதி. இங்கே அனுப்பப்பட்டவர்கள் அப்பெண்கள்.

இலங்கையிலும் காற்று சிறிது திரும்பியதுண்டு. 2016 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம், மருதானையில் எழுந்த ஒரு வழக்கில், குற்றத்தீர்ப்பை நீக்காவிடினும், உடன்பட்ட வயது வந்தோரின் உறவு பற்றி உலகின் எண்ணம் மாறிவருவதை ஏற்றுச் சிறைத்தண்டனையை ஒத்திவைத்தது. 2022 ஆம் ஆண்டு, ரொசானா பிளேமர்-கல்தேரா கொண்டுசென்ற முறைப்பாட்டில், பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிக்கும் ஐக்கிய நாடுகள் குழு, இச்சட்டம் உரிமை மீறலே எனக் கண்டது. இப்பிரிவுகளைத் திருத்தப் பாராளுமன்ற உறுப்பினர் பிரேமநாத் தொலவத்த கொணர்ந்த தனிநபர் மசோதா அரசியலமைப்புக்கு முரணன்று என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மசோதா வாக்கெடுப்புக்கு வரவில்லை. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது அதுவும் உடன் கலைந்தது.