மென்ஸ் ஷெட்

மென்ஸ் ஷெட் என்பது ஆண்கள் கூடி மரவேலை, பழுதுபார்ப்பு போன்றவற்றில் ஈடுபடும் பொதுப் பட்டறை. ஆஸ்திரேலியாவில் தோன்றியது. பணி ஓய்வு பெற்றவர்கள், துணையை இழந்தவர்கள், வேலையில்லாதவர்கள் ஆகியோரின் தனிமையைப் போக்குவது இதன் முக்கிய நோக்கம். ஆனால் வாசலில் அப்படி எழுதி வைப்பதில்லை; வைத்தால் பாதிப் பேர் படியேற மாட்டார்கள்.

ஆஸ்திரேலிய வீடுகளின் கொல்லைப்புறத்தில் ஷெட் இருப்பது வழக்கம். சுத்தியலும் ரம்பமும் பாதியில் நிற்கும் வேலையுமாக அது வீட்டுக்காரரின் தனி இடம். ஓய்வுக்குப் பின் சிறிய வீட்டுக்குக் குடிபோனால் அதுவும் போய்விடும். வேலையிடத்து நட்புகள் அதற்கு முன்பே விட்டுப்போயிருக்கும். இந்த இழப்பை ஈடுகட்டத்தான் பொது ஷெட் வந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவின் கூல்வாவில் 1993இல் இத்தகைய பட்டறை ஒன்று தொடங்கப்பட்டது. ‘மென்ஸ் ஷெட்’ என்ற பெயர் தாங்கிய முதல் பட்டறை விக்டோரியா மாநிலத்தின் டோங்காலாவில் 1998இல் திறக்கப்பட்டது. தேசிய அளவிலான சங்கம் 2007இல் அமைந்தது. இன்று ஆஸ்திரேலியாவில் மட்டும் 1,000க்கும் மேற்பட்ட ஷெட்கள் உள்ளன. அயர்லாந்து, பிரிட்டன், நியூசிலாந்து, கனடா, டென்மார்க் நாடுகளிலும் பரவியுள்ளன.

ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவது அரிது, பக்கத்தில் நின்று வேலை செய்யும்போது பேசிவிடுவார்கள் என்பதே இதன் அடிப்படை. புதிதாக வருபவரிடம் யாரும் குறை கேட்பதில்லை. இழைக்கும் பலகையின் மறுமுனையைச் சற்றுப் பிடிக்கச் சொல்வார்கள். பிடித்தபடியே பேச்சு வானிலையில் தொடங்கும். சில வாரங்கள் கழித்து மனைவியின் மரணத்துக்கோ மருத்துவர் சொன்ன செய்திக்கோ வந்து சேரும். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயமில்லை, கையில் வேலை இருக்கிறது. நடுவில் தேநீர் நேரம் உண்டு. பல ஷெட்களில் உளியைத் தொடாமல் தேநீருக்கு மட்டும் வந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களும் உறுப்பினர்களே. பள்ளிகளுக்கான பொம்மைகள், பூங்கா பெஞ்சுகள், பறவைக்கூடுகள் ஆகியவற்றைச் செய்து கொடுப்பதால், உதவி பெறுபவர் என்ற கூச்சம் போய், ஊருக்குப் பயன்படுகிறவர் என்ற மதிப்பு வருகிறது. பரிவோடு நலம் விசாரிப்பதைவிட இந்த மதிப்பே பலரை மறுவாரமும் வரவைக்கிறது எனலாம்.

இதன் பலனைப் பேசும் ஆய்வுகளில் பெரும்பாலானவை உறுப்பினர்கள் தாமே சொன்னதை நம்பியவை. தொடர்ந்து வருகிறவர்கள் நல்லதைத்தான் சொல்வார்கள். வீட்டைவிட்டே கிளம்பாதவரின் நிலை அவற்றில் பதிவாவதில்லை. பெண்களுக்கு இடமில்லை என்ற குறையும் எழுந்தது. சில ஷெட்கள் பெண்களையும் சேர்த்துக்கொண்டன. பெண்களுக்கெனத் தனி ஷெட்களும் தோன்றின.

வாடகை, காப்பீடு, எந்திரப் பாதுகாப்பு ஆகியவை தீராத தலைவலிகள். பெரும்பாலான ஷெட்களை நடத்துபவர்கள் சம்பளமில்லாத தன்னார்வலர்களே. பொறுப்பெடுத்துக் கதவைத் திறந்துவைக்க ஓர் ஆள் இல்லாத ஊரில், எவ்வளவு கருவிகள் இருந்தாலும் ஷெட் நிலைக்காது.