கடக்வாஸ்லா அணையும் கணக்கில் வராத நீரும்

புனேயில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஓய்வுநாள் மாலைகளில் கடக்வாஸ்லா ஏரிக்கரைக்குச் செல்வதுண்டு. நீர்ப்பரப்பைக் கண்டு மகிழும் நாம், அந்நீர் அணையைக் கவிழ்க்க இரவும் பகலும் முயன்றுகொண்டே இருக்கிறது என்பதை நினைப்பதில்லை.

முட்டா நதியின் குறுக்கே 1870களில் எழுந்த அந்தக் கற்கட்டு அணை, தன் எடையாலேயே நின்றது. இதன் கணக்கு, தராசின் கணக்கே. நீரின் தள்ளுவிசை, அடியிலிருந்து ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் செயற்படுவதாகக் கொள்வர். சுவரின் எடை முழுவதும் அதன் ஈர்ப்பு மையத்தில் குவிந்திருப்பதாகக் கொள்வர். முன்னது சுவரைக் கவிழ்க்கும், பின்னது நிறுத்தும்.

கணக்கை எளிதாக்கச் சில அனுமானங்கள் வேண்டியிருந்தன. சுவர் வளையாதது, ஓரடி அகலத் துண்டு தனித்து நிற்கவல்லது, கட்டின் இடுக்குகளில் நீர் புகாது என்றெல்லாம் அக்காலப் பொறியாளர் கொண்டனர். இவற்றுள் கடைசி அனுமானம் பிழையானது. புகுந்த நீர் சுவரை மேல்நோக்கித் தூக்கி, அதன் எடையைக் குறைத்துவிடும். 1895இல் பிரான்சு நாட்டின் பூசே அணை உடைந்து 80க்கும் மேற்பட்டோர் மாண்டபின்னரே இவ்வுண்மை பரவலாக உணரப்பட்டது.

நீரின் உயரமும் ஓர் அனுமானமே. ஆழம் பத்தில் ஒரு பங்கு கூடினால் கவிழ்க்கும் திறன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 1903இல் இங்கே விசுவேசுவரய்யா அமைத்த தானியங்கிக் கதவுகள், நீர் எல்லை கடந்தால் தாமே திறந்து வெள்ளத்தை வெளியேற்றின. கூடுதலாக நீரைத் தேக்க விரும்பியவர், எல்லையையும் மறக்கவில்லை.

1961 ஜூலை 12 அன்று அந்த எல்லை அழிந்தது. மேலே இருந்த, பணி முற்றுப்பெறாத பான்சேத் மண் அணை காலையில் உடைந்தது. அதன் நீர் முழுவதும் கடக்வாஸ்லாவில் பாய்ந்து, சுவரின் உச்சியைக் கடந்து வழிந்தது. எண்பதாண்டுக் காலம் நின்ற அணை, நண்பகலளவில் உடைந்தது. ஆற்றோரப் பேட்டைகள் மூழ்கின, ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தனர். அணை பின்னர் மீண்டும் கட்டப்பட்டது.

அனுமானம் இன்றிக் கணக்கு இல்லை. அதனைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. எதை விட்டுவிட்டோம் என்பதை விடையின் அருகிலேயே எழுதி வைத்தல் வேண்டும். தாளில் விட்டுப்போன நீரை, ஆறு விட்டுவிடுவதில்லை.