மான் மெலிவு நோய்

மான் குடும்பத்து விலங்குகளின் மூளையைத் தாக்கி, அவற்றை எலும்பும் தோலுமாக்கிக் கொல்லும் தொற்றுநோய். முதலில் வட அமெரிக்காவில் அறியப்பட்டது. மியூல் மான், வெள்ளைவால் மான், எல்க், மூஸ், துருவமான் ஆகியவற்றுக்கு வருகிறது. வடிவம் திரிந்த பிரையான் என்னும் புரதமே நோய்க்காரணி. இது மூளையிலுள்ள இயல்பான புரதத்தையும் தன் வடிவுக்குத் திரித்துவிடும். செம்மறிகளின் ஸ்கிராப்பியும் மாடுகளின் பித்து நோயும் இதே வகையைச் சேர்ந்தவை. நோய் தொற்றிய மான் ஓராண்டுக்கும் மேலாக நலமாகவே தோன்றும். அதற்குள் எச்சில், சிறுநீர், புழுக்கை வழியே பிரையானைப் பரப்பிவிடும்.

வரலாறு: 1967இல் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் நகரிலிருந்த வனவிலங்கு ஆய்வுப் பட்டியில் வளர்ந்த மியூல் மான்களிடம் இந்நோய் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது. நோயுற்ற மான்கள் தலையும் காதும் தொங்க நின்றன. வாயில் எச்சில் ஒழுகியது. ஓயாமல் தண்ணீர் குடித்தன. வேலியோரமாக ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப நடந்தன. உடல் மெலிவதற்கு வெகு முன்பே, ஒவ்வொரு மானையும் தனித்தனியே அறிந்த பராமரிப்பாளர்கள் அதன் போக்கில் ஏதோ மாற்றம் இருப்பதைக் கண்டுகொள்வது வழக்கம்.  தீவனக் குறைபாடு, நஞ்சு, அடைபட்ட வாழ்வின் அழுத்தம் எனப் பல காரணங்கள் முதலில் கருதப்பட்டன. எலிசபெத் வில்லியம்ஸ் என்னும் இளம் கால்நடை நோயியலாளர் இறந்த மான்களின் மூளைத் திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். திசு கடற்பஞ்சு போல் துளைபட்டிருந்தது. 1980இல் அவரும் ஸ்டூவர்ட் யங்கும் வெளியிட்ட கட்டுரை 12 ஆண்டுகளில் நோயுற்ற 53 மியூல் மான்களையும் ஒரு கருவால் மானையும் பதிவு செய்தது. அறிகுறி தோன்றிய மான்கள் 2 வாரம் முதல் 8 மாதத்துக்குள் மடிந்தன என்கிறது அக்கட்டுரை.

1985 வாக்கில் அந்தப் பட்டியைத் தூய்மைப்படுத்த முயன்றனர். மான்களும் எல்க்குகளும் கொல்லப்பட்டன. மண் உழுது புரட்டப்பட்டது. குளோரின் கலந்த கிருமிநாசினி தெளிக்கப்பட்டது. இடைவெளி விட்டுப் புதிய எல்க் கன்றுகளைக் கொண்டுவந்தபோதும் சில ஆண்டுகளில் நோய் திரும்பியது. களிமண் துகள்களில் பிரையான் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வீரியம் குன்றாமல் கிடக்கும் என்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. இந்நோயை எதிர்த்த பிற்கால முயற்சிகளின் இடர்ப்பாடு முழுவதும் அந்தப் பட்டியிலேயே வெளிப்பட்டுவிட்டது எனலாம்.

நோயின் தோற்றம் பற்றி ஒருமித்த கருத்தில்லை. ஸ்கிராப்பி கண்ட செம்மறிகளிடமிருந்து தாவியது என்பர் ஒரு சாரார். ஏதோ ஒரு மானின் உடலில் புரதம் தானே திரிந்தது என்பர் வேறு சிலர். பட்டியிலிருந்து காட்டுக்குச் சென்றதா, காட்டிலிருந்து பட்டிக்கு வந்ததா என்பதும் முடிவாகவில்லை. காட்டு விலங்கில் முதன்முதலாக 1981இல், ராக்கி மலைத் தேசியப் பூங்காவின் எல்க் ஒன்றில் கண்டறியப்பட்டது. பண்ணை விலங்கு வணிகம் நோயைக் கனடாவின் சஸ்காச்சுவானுக்கும், அங்கிருந்து தென்கொரியாவுக்கும் கொண்டுசென்றது.

2002இல் விஸ்கான்சின் மாநிலத்தில், முந்தைய ஆண்டு வேட்டையாடப்பட்ட மூன்று மான்களில் நோய் உறுதியானது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே அதுவே முதல் முறை. நோய் கண்ட வட்டாரத்தில் மான்களைப் பெருமளவு சுட்டுக் குறைக்க அரசு முனைந்தது. வேட்டைக்காரர்களிலும் நில உடைமையாளர்களிலும் பலர் ஒத்துழைக்க மறுத்தனர். சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது. அண்டை மாநிலமான இல்லினாய் நோய் கண்ட இடங்களில் மட்டும் குளிர்காலந்தோறும் மான்களைச் சுட்டு அகற்றியது. அங்கு நோய் விகிதம் குறைவாகவே நீடித்தது. அதற்கு இந்த முறைதான் முழுக் காரணமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

2016 மார்ச்சில் நார்வேயின் நூர்ஃபியெல்லா மலையில், துருவமான்களுக்குக் கழுத்துப்பட்டை அணிவிக்கச் சென்ற ஆய்வாளர்கள் நோயுற்ற பெண் மானைக் கண்டனர். அது இறந்தது; ஓஸ்லோ ஆய்வகம் நோயை உறுதிசெய்தது. ஐரோப்பாவில் இதுவே முதல் பதிவு. நார்வே அரசு தயங்கவில்லை. 2018 வசந்தத்துக்குள் அப்பகுதியின் சுமார் 2,000 துருவமான்களும் கொல்லப்பட்டன. அவற்றுள் நோய் உறுதியானவை 19 மட்டுமே. இழப்பு கொடியதுதான், ஆயினும் நோய் பெருகுமுன் எடுக்கப்பட்ட முடிவு அது. 2020இல் அண்டையிலுள்ள ஹர்டாங்கர்விட்டா பீடபூமியிலும் நோய் தென்பட்டது.

இன்றைய நிலை: அமெரிக்காவின் 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் நோய் பரவியுள்ளது. 2023இல் எல்லோஸ்டோன் பூங்காவிலும் உறுதியானது. தீவனமிட்டு மான்களை ஈர்ப்பதையும் வேட்டையாடிய மான்களின் உடல்களை இடம்விட்டு இடம் கொண்டுசெல்வதையும் பல மாநிலங்கள் தடைசெய்கின்றன. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான பதிவு எதுவும் இல்லை. குரங்குகளில் நடந்த சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. நோய் உறுதியான மானின் இறைச்சியை உண்ணக் கூடாது என்பதே அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் அறிவுரை. தடுப்பூசியோ மருந்தோ இதுவரை இல்லை.