நன்றி விழாவும் அறுவடை நாளின் கடமையும்

தை பிறந்தால் நம் சோளிங்கரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் புத்தரிசி பொங்குகிறது. விளைச்சலுக்கு நன்றி கூறும் இவ்விழாவைத் தொடங்கியவர் யார், தொடங்கிய காலம் எது என்று வினவினால் திட்டமான விடை இல்லை. சங்கப் பாடல்கள் தைந்நீராடலைக் குறிக்கின்றன. அது மகளிர் நோன்பு, அறுவடை விழா அன்று. பொங்கல் படைக்கும் வழக்கம் சிலப்பதிகாரத்தில் வருகிறது. அதுவும் தையில் அன்று, சித்திரையில் நடந்த இந்திர விழாவில், காவற்பூதத்தின் பலிபீடத்தில்.

அந்த இந்திர விழாவின் தோற்றத்தை மணிமேகலை கூறுகிறது. அகத்தியரின் சொற்படி தொடித்தோட் செம்பியன் என்னும் சோழன் இந்திரனை வேண்டி, காவிரிப்பூம்பட்டினத்தில் 28 நாள் விழாவை ஏற்படுத்தினானாம். பின்னாளில் நெடுமுடிக்கிள்ளி மகனை இழந்த துயரில் விழாவை மறந்தான். கடல் நகரை விழுங்கியது. இது காப்பியக் கதை. ஆயினும் நன்றி மறந்தால் வாழ்வு நிலைக்காது என்னும் அச்சம் அதில் தெரிகிறது.

ரோமானியரிடமும் நன்றி நாள்கள் இருந்தன. ஜூலியஸ் சீசரின் வெற்றிகளுக்காகக் கி.மு. 55இல் செனட் சபை 20 நாள் நன்றி வழிபாட்டை அறிவித்தது. தெய்வங்களுக்கென ஏற்பட்ட வழிபாடு, நாளடைவில் தளபதிகளின் புகழை அளக்கும் கோலாயிற்று.

குர்ஆனும் நன்றி மறந்தோரின் அழிவைப் பேசுகிறது. 'அல்கலம்' அத்தியாயத்தில் வரும் தோட்டக்காரர்கள் தவறவிட்டது ஒரு விழாவை அன்று. ஏழை எவரும் உள்ளே வந்துவிடாதபடி விடியலிலேயே கனி பறிக்கத் திட்டமிட்டனர். அவர்கள் போய்ச் சேருமுன் தோட்டம் அழிந்திருந்தது. 'அல்அன்ஆம்' அத்தியாயத்தின் 141ஆம் வசனமோ அறுவடை நாளிலேயே அதற்குரிய பங்கைக் கொடுத்துவிடப் பணிக்கிறது. மழையால் விளைந்ததில் பத்தில் ஒரு பங்கு. நீர் இறைத்து விளைவித்ததில் இருபதில் ஒரு பங்கு. ஐந்து வஸக் விளைந்தால்தான் கடமை என்பர் பெரும்பாலான அறிஞர். குறைந்த விளைச்சலுக்கும் உண்டு என்றார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்).

தோல் தொழிலும் வணிகமும் மிகுந்த நம் பகுதியில் ரமளானில் ஜகாத் கணக்கிடுவோர் பலர். நிலம் உடையோர் உஷ்ரையும் நினைத்தல் வேண்டும். களத்திலிருந்து மூட்டை வீடு சேருமுன் தம் மத்ஹபின் சட்டத்தை ஆலிமிடம் கேட்டறிதல் நலம். விழாக்களின் மூலம் மறைந்துபோகலாம். ஏழையின் பங்கு எது என்பதில் ஐயமில்லை.

பெற்றதற்கு நன்றி செலுத்தி, பிறர் பங்கைப் பிறர்க்கே சேர்ப்போராக நம்மை அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.