காவல் நிலங்களும் அமிர்தமகால் ஆநிரையும்

பெங்களூரில் வாழும் நம்மவர்க்குக் காவல் பைரசந்திரா, ஜாரகபண்டே காவல் முதலிய இடப்பெயர்கள் நன்கு பழகியவை. பேருந்துப் பலகையில் இப்பெயரைக் காணும் புதியவர், அங்கே காவல் நிலையம் ஒன்று இருக்கும் என்று எண்ணிக்கொள்வதும் உண்டு. கன்னட நாட்டில் 'காவல்' என்பது மேய்ச்சலுக்கென ஒதுக்கிக் காக்கப்பட்ட புல்வெளி. பொருள் சற்று விலகினும் வேர் நம் 'கா' என்னும் வினையே.

இக்காவல்களின் வரலாறு மைசூர் அரசின் வரலாற்றோடு பிணைந்தது. 1673 முதல் 1704 வரை ஆண்ட சிக்க தேவராஜ உடையார், அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் வழங்குவதற்கென மாட்டுத்துறை ஒன்றை நிறுவி, அதனைப் 'பெண்ணெ சாவடி' என வழங்கினார். பெண்ணெ என்பது நம் வெண்ணெய்தான். பிற்காலத்தில் திப்பு சுல்தான் அதற்கு அமிர்தமகால் எனப் பெயரிட்டார். பெயரில் அமிர்தம் இருப்பினும், ஹைதர் அலியின் காலமுதல் அத்துறையின் பெரும்பணி பீரங்கிகளை இழுக்கும் காளைகளை வளர்ப்பதாயிற்று. 1781ஆம் ஆண்டு சிதம்பரத்தைக் காக்கும்பொருட்டு ஹைதரின் படை இரண்டரை நாளில் நூறு மைல் கடந்தது இக்காளைகளின் ஆற்றலால்தான் என்பர். அதையடுத்துப் பரங்கிப்பேட்டையில் ஹைதர் தோற்றார். தோற்றும் பீரங்கிகளைக் காளைகள் இழுத்துச் சென்றுவிட்டன.

இத்தகைய மாட்டை எவ்வாறு வளர்த்தனர் என்பதே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. கொட்டில் கிடையாது. நிரைகள் ஆண்டு முழுதும் வெட்டவெளியிலேயே வாழ்ந்தன. காவல்களைக் கோடைக் காவல், மழைக் காவல், குளிர்காலக் காவல் என வகுத்திருந்தனர். மழைக்காலத்தில் நீர் தேங்காத மேட்டு நிலங்களுக்கு நிரையை ஓட்டுவர். கோடையில் மரநிழலும், நீர் வற்றிய ஏரிப்படுகைகளில் தளிர்க்கும் பசும்புல்லும் உள்ள இடங்களுக்குக் கொண்டுசெல்வர். நிரை ஓரிடத்தில் மேயும்போது மற்ற இடத்துப் புல் விதை உதிர்த்துத் தழைக்கும். சாணம் விழுந்த இடத்திலேயே எருவாகும். பசுவின் பாலைப் பெரும்பாலும் கறவாமல் கன்றுக்கே விட்டனர். காளையின் எலும்பு உறுதியின் காரணம் இதில் இருக்கிறது. இன்று 'இயற்கைவழிக் கால்நடை வளர்ப்பு' எனப் புதிதாகப் பேசப்படுவதில் பெரும்பகுதி, அன்று ஓர் அரசுத் துறையின் அன்றாட நடைமுறையாக இருந்தது.

1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் ஆநிரை ஆங்கிலேயர் வசமாயிற்று. இடையில் நலிவுற்ற நிரையை 1813இல் பொறுப்பேற்ற கேப்டன் ஹார்வி என்பார் மீண்டும் செழிக்கச் செய்தார். பின் வந்தது 1860. சிக்கனம் கருதி அரசு துறையைக் கலைத்து மாடுகளை விற்றது. படைக்கேற்ற காளை கிடைக்காமற்போகவே, ஆறே ஆண்டில், 1866இல், மீண்டும் தொடங்க நேர்ந்தது. கோப்புகளிடையே காலம் கழிக்கும் நம்போன்ற எழுத்தர்க்கு இதில் வியப்பில்லை. மேய்ப்பர் சம்பளம் செலவுப் பத்தியில் ஏறிவிடும். புல்லை வரவாக எழுதப் பத்தியே கிடையாது.

1923இல் பெங்களூரில் கால்நடை, பால்பண்ணைத் தொழில்களுக்கான இம்பீரியல் நிலையம் எழுந்தது. 1927இல் இந்நகரில் உடல்நலம் தேறிவந்த காந்தியடிகள் அங்குச் சென்று மாடு வளர்ப்பைக் கற்றார். கலப்பினப் பசுக்களும் அடர்தீவனமும் வந்தன. நகரத்துக் குழந்தைகளுக்குப் பால் பெருகியது. அதைக் குறைகூற நமக்கு மனமில்லை. ஆனால் லாரியும் டிராக்டரும் வந்தபின் இழுவைக் காளைக்கு வேலை குறைந்தது. காளைக்கு வேலை குறையவே காவலும் 'தரிசு' எனப்படலாயிற்று. ஒருகாலத்தில் ஏறத்தாழ 4 லட்சம் ஏக்கர் இருந்த காவல்களில் பெரும்பகுதி கைமாறிவிட்டது. 2009 முதல் சித்திரதுர்க்க மாவட்டத்துச் சள்ளகெரெயில் ஏறத்தாழ 10,000 ஏக்கர், பாதுகாப்பு ஆய்வு, விண்வெளி, அணுசக்தி நிறுவனங்களுக்கும் இந்திய அறிவியல் கழகத்துக்கும் ஒதுக்கப்பட்டது. அவை நாட்டுக்கு வேண்டியவை. ஆயினும் அப்புல்வெளியில் ஆடு மேய்த்து, அதன் மயிரால் கம்பளி நெய்து பிழைத்த ஊரார்க்கு அந்நிலம் ஒருநாளும் தரிசாக இருந்ததில்லை. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம்வரை சென்றது.

நம்மில் கொங்கு நாட்டிலிருந்து வந்தோர்க்கு இவ்விடத்தில் கொறங்காடு நினைவுக்கு வரும். காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கங்களில் முள்கிளுவை வேலியிட்டு, உள்ளே வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் வளரவிட்டு, காங்கயம் மாடுகளையும் ஆடுகளையும் மேயவிடும் முறை அது. மழை குறைந்த மண்ணில் புல்லும், மரநிழலும், வேலக்காயும் மந்தையைக் காக்கின்றன. மைசூர்க் காவல் அரசுடைமை. ஓர் ஆணையால் அது கைமாறும். கொறங்காடு குடும்ப உடைமை; மகனும் பேரனும் கிளுவையை மாற்றி நடும்வரை நிற்கும். ஆயினும் நிலவிலை ஏறிய இந்நாளில், மனைப்பிரிவுக்கு விற்பதா மாட்டுக்கு விடுவதா என்ற பேச்சு எழாத கொங்கு வீடு அரிது. பெங்களூரில் மனை வாங்க ஊர்க்காட்டை விற்றோரும் நம்மிடையே உளர்.

அமிர்தமகால் இனம் முற்றும் அழிந்துவிடவில்லை. சிக்கமகளூர் மாவட்டத்து அஜ்ஜம்புரத்தில் கர்நாடக அரசின் இனவிருத்தி நிலையம் எஞ்சிய நிரையைப் பேணி வருகிறது. அங்கு வளர்ந்த ஆண் கன்றுகளை ஏலத்தில் எடுக்க, இன்றும் உழவர்கள் தொலைவிலிருந்து வருகின்றனர்.